ஆறாவது கியரில் மெம்ஃபிஸ் வரை

கென்டக்கி மாநிலத்து பௌலிங் கிரீன் ஊரில், பாரன் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் பீச் பெண்ட் என்றொரு திடல் இருக்கிறது. ஒரு பக்கம் மரச்சட்டங்களால் எழுப்பிய ரோலர் கோஸ்டர், மறுபக்கம் கால் மைல் டிராக் பந்தயப் பாதை. செப்டம்பர் மாதத்தில் இங்கே ‘எல்.எஸ். ஃபெஸ்ட்’ நடக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1997 மாடல் கார்வெட்டில் அறிமுகப்படுத்திய எல்.எஸ். என்ற வி-8 எஞ்சின் குடும்பத்துக்காகவே எடுக்கும் விழா. 2010இல் இதைத் தொடங்கிய ஹாலி நிறுவனம், கார்புரேட்டரால் பெயர் வாங்கியது. அதன் தலைமையகம் இதே ஊரில்தான். கார்வெட் கார்களும் 1981 முதல் இங்கேதான் தயாராகின்றன. வி-8 எஞ்சினை நேசிப்பவர்களுக்கு இந்த ஊர் ஒரு க்ஷேத்திரம்.

எங்கள் பயணம் இங்கிருந்து மெம்ஃபிஸுக்கு. நாஷ்வில் வழியாக ஏறத்தாழ 440 கிலோமீட்டர். வண்டி என் நண்பருடையது: 2002ஆம் ஆண்டு கார்வெட், எல்.எஸ்.1 எஞ்சின், 5.7 லிட்டர், 350 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். நாஷ்வில்லில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவர், தினமும் இதே காரில்தான் போய்வருகிறார். மழைக்கும் இதுதான், மளிகைக்கும் இதுதான். அந்த எஞ்சினுக்கு வெளிச்சந்தைக் கேம்ஷாஃப்ட் ஒன்று போடவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அமெரிக்காவில் கேம் அரைக்கும் தொழிலுக்குப் பேர்போன வட்டாரங்களில் மெம்ஃபிஸும் ஒன்று. காம்ப் கேம்ஸ் 1976இல் அங்கே தொடங்கியது. ஜோ லுனாட்டி என்ற டிராக் பந்தய வீரரின் பெயரைத் தாங்கிய நிறுவனமும் அந்த மண்ணில் பிறந்ததுதான். பெரிய நிறுவனங்களுக்கு அப்பால், கேட்டபடி அரைத்துத் தரும் சிறு பட்டறைகளும் அந்தப் பக்கம் உண்டு. அப்படி ஒன்றில் எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

“போறதுக்கு முன்னாடி நாலு வண்டியக் காதால கேட்டுடலாம்ணே” என்று நண்பர் பீச் பெண்டுக்குக் கூட்டிப்போனார்.

கேட்டோம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் எல்.எஸ்.1 எஞ்சின் ஐடிலிங்கில் ஒரே சீராக உறுமும். கேம் மாற்றிய எஞ்சின் அப்படி இல்லை. தடக்... தடதடக்... தடக் என்று இழுத்து, இதோ நின்றுவிடும் என்று நினைக்கிற நொடியில் பிடித்துக்கொள்ளும். வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு நடுவே நடந்தால் நெஞ்சுக்கூடு அதிரும். அந்த ஓசைக்கு மயங்காதவர் குறைவு. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்த ஓசை எதனால் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்.எஸ். எஞ்சினில் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று. இரு பக்க சிலிண்டர்களும் ‘வி’யாகச் சேரும் பள்ளத்துக்குக் கீழே, கிராங்குக்கு மேலே படுத்திருக்கும் எஃகுத் தண்டு அது. அதன்மேல் பதினாறு லோப்கள், அதாவது முட்டை வடிவ மேடுகள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. மேடு உருண்டு வரும்போது லிஃப்டர் எழும். லிஃப்டர் புஷ்ராடைத் தள்ளும். புஷ்ராடு ராக்கரைச் சாய்க்கும். ராக்கர் வால்வைத் திறக்கும். காற்றும் பெட்ரோலும் எப்போது உள்ளே வரவேண்டும், எரிந்த புகை எப்போது வெளியேறவேண்டும் என்பதெல்லாம் அந்த மேடுகளின் வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

புகை வெளியேறும் வால்வு மூடி முடிப்பதற்குள் காற்று வரும் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் இடைவெளியை ஓவர்லாப் என்கிறார்கள். வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்கு இது வரம். வெளியேறும் புகையின் வேகமே புதுக் காற்றை உள்ளே இழுத்துக்கொடுக்கும். மெதுவாகச் சுற்றும்போது அதே ஓவர்லாப் குறையாகிவிடுகிறது. எரிந்த புகை உள்பக்கமாகத் திரும்பி வந்து புதுக் கலவையோடு கலக்கிறது. ஒரு முறை நன்றாக எரியும், அடுத்த முறை அரைகுறையாக எரியும். அந்தத் தடுமாற்றம்தான் பீச் பெண்டில் கேட்ட தடதடக். காதுக்கு இசை, எஞ்சினைப் பொறுத்தவரை, அந்த வேகத்தில் சரியாக எரிக்க முடியாமல் திணறுகிறது என்பதற்கான சாட்சி.

திடலில் ஒருவர் தன் கமாரோவில் ஏ.எஸ்.ஏ. கேம் போட்டிருந்தார். ஸ்டாக் கார் பந்தயத் தொடர் ஒன்றுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கிய கேம் அது. முகம் தெரியாத எங்களையும் அன்போடு ஒருவர் பின் ஒருவராக ஏற்றிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்தார். கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போகையில் கார் முன்னும் பின்னும் குலுங்கியது. அவர் கிளட்சை அமுக்குவதும் விடுவதுமாகவே இருந்தார். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் வண்டி அது. இறங்கியதும் நண்பர் தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். நாஷ்வில் மாலை நெரிசலை நினைத்திருப்பார்.

ஊரின் இன்னொரு முனையில், இன்டர்ஸ்டேட் 65ஐ ஒட்டி தேசிய கார்வெட் அருங்காட்சியகம் இருக்கிறது. 2014 பிப்ரவரி 12 அதிகாலையில் அதன் கூரைக்கோபுர மண்டபத்தில் தரை இடிந்து எட்டு கார்வெட்டுகள் பள்ளத்தில் விழுந்தன. சுண்ணாம்புக்கல் பூமி, அடியில் எங்கும் குகைகள். மூன்று கார்களைச் சீர்செய்தார்கள். மற்றவை நசுங்கியபடியே காட்சிக்கு இருக்கின்றன. கூட்டம் முழுக்க அந்தப் பக்கம்தான் நிற்கிறது. நான் தேடிப் போனது சோரா அர்கஸ்-டன்டோவ் நினைவிடத்தை. 1996இல் மறைந்த அவருடைய சாம்பலை இங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

பிரஸ்ஸல்ஸில் 1909இல் பிறந்து, ஜெனரல் மோட்டார்ஸில் பொறியாளராகச் சேர்ந்த டன்டோவ், 1953 டிசம்பரில் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். எஞ்சினை மாற்றி ஓட்டும் இளைஞர்கள் எல்லாரும் ஃபோர்டு பக்கமே நிற்கிறார்கள், அவர்களை ஷெவர்லே பக்கம் திருப்பவேண்டுமானால் கேம்ஷாஃப்ட், வால்வு, ஸ்பிரிங் போன்ற பாகங்களை நிறுவனமே சோதித்துச் செய்து விற்கவேண்டும் என்பது அதன் சாரம். இன்று ஹாலியின் ஊரில் இத்தனை ஆயிரம் பேர் கூடுவதற்கான விதை அந்தத் தாளில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தானே ஒரு கேம் வடிவமைத்தார். 1956 ஜனவரியில் டேட்டோனா கடற்கரை மணலில் அந்தக் கேம் பொருத்திய கார்வெட்டைத் தானே ஓட்டி மணிக்கு 150 மைலைத் தாண்டினார். அடுத்த ஆண்டு, 283 கன அங்குல எஞ்சின் அதே கேமோடும் பெட்ரோல் இன்ஜெக்ஷனோடும் 283 குதிரைத்திறன் தந்தது. கன அங்குலத்துக்கு ஒரு குதிரை!

டன்டோவ் கேமில் என்னை ஈர்ப்பது அதன் குணம். வால்வை அதிக உயரத்துக்குத் தூக்கியெறிவதை அவர் நம்பவில்லை. நீண்ட நேரம் திறந்து வைப்பதையும், மேட்டின் சரிவைப் பதமாக வைத்து வால்வை இதமாக எழுப்பி இதமாக இறக்குவதையும் நம்பினார். வால்வு ஸ்பிரிங்கை வதைக்காத கேம்தான் அதிக ஆர்.பி.எம்.மில் தாக்குப்பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் முடிந்துகொண்டுதான் நான் காரில் ஏறினேன்.

நண்பர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சோதனைச் செருகியில் ஒரு கருவியைப் பொருத்தி, அதை என் மடியில் இருந்த லேப்டாப்பில் இணைத்தார். எஞ்சின் எந்த ஆர்.பி.எம்.மில் எவ்வளவு நேரம் சுற்றுகிறது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்று வழிநெடுகப் பதிவாகும். பட்டறைக்காரர் கேட்டிருந்தாராம். “உங்க கார் என்னன்னு எனக்குத் தெரியும், நீங்க எப்படி ஓட்டறீங்கன்னு தெரியாது” என்று தொலைபேசியில் சொன்னாராம்.

டென்னசி எல்லையைத் தாண்டும்வரை சாலை சிரித்துக்கொண்டிருந்தது. புகையிலைக் கொட்டகைகள், வேலியடைத்த குதிரை மேய்ச்சல்கள். நாஷ்வில் நெருங்கியதும் 65, 24, 40 என்று மூன்று இன்டர்ஸ்டேட்டுகளும் ஊருக்குள் பின்னிக்கொள்ளும் இடத்தில் வண்டிகள் அப்படியே உறைந்தன. நண்பர் முதல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு, காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டார். கார் தானாக, மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில், ஒரு குலுக்கலும் இல்லாமல் ஊர்ந்தது. எஞ்சின் 700ஐ ஒட்டிச் சுற்றியது. “இத மட்டும் இழக்க மாட்டேண்ணே” என்றார். வாரத்தில் ஐந்து நாள் இதே இடத்தில் இதே போல ஊர்கிறவர் அவர்.

நெரிசலில் நேரம் இருந்தது. அவர் ஆசைப்பட்டு வைத்திருந்த கேமின் எண்களை ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். கேம் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்கவேண்டும். கேம் அட்டையில் 224/228, 112 என்று இருக்கும். முதல் எண், லிஃப்டர் 0.050 அங்குலம் எழுந்த புள்ளியிலிருந்து மறுபடி அந்தப் புள்ளிக்கு இறங்கும்வரை காற்று வால்வுப் பக்கம் நீடிக்கும் கிராங்க் பாகைகள். இரண்டாவது, புகை வால்வுக்கு அதே கணக்கு. 112 என்பது இரண்டு மேடுகளின் உச்சிகளுக்கு இடையே உள்ள கோணம், கேமின் பாகைகளில். முதலிரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 226. கோணத்தை இரட்டித்தால் 224. கழித்தால் 2. அதுதான் 0.050இல் ஓவர்லாப்.

இப்போது ஒப்பிடலாம். 2002 முதல் 2004 வரை வந்த இசட்06 கார்வெட்டின் எல்.எஸ்.6 எஞ்சின், 405 குதிரைத்திறன். அதன் கேம் 204/218, கோணம் 117.5. கணக்குப் போட்டால் ஓவர்லாப் மைனஸ் 24. ஜெனரல் மோட்டார்ஸ் பாகமாக விற்ற ‘ஹாட் கேம்’ 218/227, கோணம் 112. மைனஸ் ஒன்றரை. பீச் பெண்டில் எங்களைக் குலுக்கிய ஏ.எஸ்.ஏ. கேம் 226/236, கோணம் 110. பிளஸ் 11! எல்.எஸ்.7 என்ற ஏழு லிட்டர் எஞ்சினில் 211/230 என்று பெரிய எண்களைப் போட்ட அதே நிறுவனம், கோணத்தை 121க்கு விரித்து ஓவர்லாப்பை மைனஸ் 21.5இல் நிறுத்தியது. உத்தரவாதம் கொடுத்து விற்கிறவர்கள் ஓவர்லாப்புக்கு எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பது இந்த எண்களில் தெரிகிறது.

ஓவர்லாப் மட்டுமே கதை இல்லை. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் காற்று வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். அதிக வேகத்தில், உள்ளே பாய்ந்து வரும் காற்றின் உந்தம் அந்தச் சிறிது நேரத்திலும் சிலிண்டரை நிரப்புகிறது. 1,500 ஆர்.பி.எம்.மில் அந்த உந்தம் கிடையாது. ஏறும் பிஸ்டன், வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். கேம் பெரிதாகப் பெரிதாக வால்வு மூடும் நேரம் தள்ளிப்போகும். கீழ் வேகத்து இழுவை கரையும். மேலே 6,000த்தில் கூடுதலாகக் கிடைக்கும் குதிரைகளுக்குக் கீழே 2,000த்தில்தான் விலை கொடுக்கிறோம்.

நாஷ்வில்லைத் தாண்டி இன்டர்ஸ்டேட் 40இல் மேற்கே திரும்பியதும் நண்பர் ஆறாவது கியருக்குப் போனார். மணிக்கு 70 மைல், அங்கே அனுமதித்த வேகம். மீட்டரைப் பார்த்தேன். 1,500!

வண்டி ஏறத்தாழ 113 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. எஞ்சின் ஐடிலிங்கைப் போல இரண்டு மடங்குதான் சுற்றுகிறது. அந்த ஆறாவது கியரின் விகிதம் 0.50, பின் அச்சு 3.42. நீண்ட சாலைக்கென்றே போட்ட கியர். இதனால்தான் இந்த வி-8 நெடுஞ்சாலையில் காலனுக்கு 28 மைல் என்று அரசாங்க மதிப்பீடு பெற்றது. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 5.7 லிட்டர் எஞ்சினுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. டிக்சன் பக்கத்துக் குன்றுகளில் ஏற்றம் வந்தபோதும் நண்பர் கியரைத் தொடவில்லை. கட்டைவிரலை ஊன்றியதுபோல் ஆக்சிலரேட்டரில் சிறிது அழுத்தம், அவ்வளவே. கார் ஏறியது.

பெரிய கேம் போட்டால் இந்தப் பயணம் இப்படி இருக்காது. 1,500இல் வண்டி விக்கும். ஐந்தாவது கியருக்கு இறங்கி 2,200இல் ஓட்டவேண்டிவரும். பெட்ரோல் கூடும், சத்தம் கூடும், அந்தக் கியரை வடிவமைத்தவர் பட்ட பாடு வீணாகும். அதுவரை நாங்கள் இருவரும் கேமை உச்சபட்சக் குதிரைத்திறனின் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டென்னசி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, அகன்ற பழுப்பு நீரைப் பார்த்தபடி, நண்பர் சொன்னார்: “இந்த ஆயிரத்தைந்நூறுல நல்லா ஓடற கேம்தான் எனக்கு வேணும். மேல என்ன கிடைக்குதோ கிடைக்கட்டும்.” என்னைக் கேட்டால், தேர்வு அந்தப் பாலத்திலேயே முடிந்துவிட்டது.

நாஷ்வில்லுக்கும் மெம்ஃபிஸுக்கும் இடைவழியில் ஜாக்சன். சாப்பிட நிறுத்தினோம். கேசி ஜோன்ஸ் என்ற ரயில் ஓட்டுநர் வாழ்ந்த ஊர் இது. 1900இல், மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த விபத்தில், கடைசிவரை பிரேக்கை விடாமல் நின்று இறந்தவர். அவர் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நீராவி எஞ்சினும் நிற்கிறது. நண்பர் அதன் ஓட்டுநர் அறையில் நின்று, நீண்ட கம்பி ஒன்றைக் காட்டி அது என்னவென்று கேட்டார். வண்டியைப் பின்னோக்கி ஓட்ட உதவும் கம்பி. ஆனால் அதன் பெரிய வேலை வேறு. சிலிண்டருக்குள் நீராவி எவ்வளவு தூரம்வரை நுழையலாம் என்று ஓடும்போதே மாற்றுவது அதுதான். புறப்படும்போது நீளமாகத் திறப்பார்கள். பெட்டிகளை இழுக்கப் பலம் வேண்டும். வேகம் பிடித்ததும் சீக்கிரமே மூடிவிடுவார்கள். உள்ளே வந்த நீராவி விரிந்து மீதி வேலையைச் செய்யும். வால்வின் நேரம் ஓட்டுநரின் கையில் இருந்தது.

இன்றைய கார் எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் கேமை ஓடும்போதே முன்னும் பின்னும் திருப்பும் ஏற்பாடு இருக்கிறது. 2014 கார்வெட்டிலும் உண்டு. நண்பரின் எல்.எஸ்.1இல் கிடையாது. அரைத்தது அரைத்ததுதான். ஐடிலிங்குக்கும் அதே மேடு, 6,000க்கும் அதே மேடு. அதனால்தான் ஒரே ஒரு முடிவுக்காக இத்தனை மைல்.

ஜாக்சனைத் தாண்டினால் நிலம் தட்டையாகி, பருத்தி வயல்கள் தொடங்கும். ஸ்டான்டன் ஊருக்குப் பக்கத்தில், 2021இல் மின்வண்டிகளுக்கென்று ஃபோர்டு அறிவித்த மாபெரும் வளாகம் சாலையிலிருந்தே தெரியும். மின்மோட்டாரில் கேமும் இல்லை, வால்வும் இல்லை. எனக்கு வருத்தம் எதுவும் தோன்றவில்லை. ஆனால் உலோக மேடு ஒன்றின் சரிவைப் பார்த்து எஞ்சினின் குணத்தைச் சொல்லிவிடும் ஆட்கள் இருக்கும்போதே அவர்களிடம் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் தோன்றியது.

பட்டறை மெம்ஃபிஸின் தென்புறம், சரக்கு விமானங்கள் தாழப் பறக்கும் பாதைக்கு அடியில் இருந்தது. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். முதலில் எங்களை உள்ளே அழைத்துப்போய் எந்திரத்தைக் காட்டினார். முழு எஃகுத் தண்டில் மேடுகளைக் கரடாகக் கடைந்து வைத்திருப்பார்கள். அரைக்கல் சுற்றும், தண்டும் மெல்லச் சுழலும், தண்டின் கோணத்துக்கு ஏற்ப அரைக்கல் முன்னும் பின்னும் நகர்ந்து மேட்டை இழைக்கும். குளிர்விக்கும் எண்ணெய் பாலாறாக ஊற்றிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் இந்த நகர்வுக்கு ஒரு மூல அச்சு வைத்து அதைப் பார்த்து அரைத்தார்களாம். இப்போது கணினி. “அச்சு போனா என்ன, வடிவத்தை யோசிக்கிறது மனுஷன்தான்” என்றார், ஆங்கிலத்தில், அந்த ஊருக்கே உரிய இழுவையோடு.

பிறகு கேள்விகள் தொடங்கின. வண்டி எடை என்ன? பின் அச்சு விகிதம்? ஏ.சி. எப்போதும் ஓடுமா? சைலன்சர் மாற்றியாயிற்றா? கேட்டலிடிக் கன்வெர்டர் இருக்கிறதா, எடுக்கும் எண்ணம் உண்டா? வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்களா? கடைசிக் கேள்விக்கு நண்பர், தன் மனைவியும் ஓட்டுவார், காலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டுக் குழந்தை விழிக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை என்றார். உரிமையாளர் அதையும் தாளில் எழுதிக்கொண்டார். எனக்கு அந்த நொடியிலேயே அவர்மீது மரியாதை வந்துவிட்டது.

லேப்டாப் பதிவைத் திறந்தோம். நேரத்தின் பெரும்பகுதி 1,300க்கும் 2,200க்கும் இடையே குவிந்திருந்தது. நெரிசலில் 700ஐ ஒட்டி ஒரு சிறு மேடு. 5,000ஐத் தொட்டது, சாலையில் சேரும் இடங்களில், சில நொடிகள். நண்பர் தன் 224/228 தாளை எடுக்கவே இல்லை.

0.050 கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்று உரிமையாளர் எச்சரித்தார். இரண்டு கேம்களுக்கு அந்த எண் ஒன்றாகவே இருக்கும். ஒன்றில் மேட்டின் அடிவாரச் சரிவு செங்குத்து. வால்வைச் சடாரென்று தூக்கிச் சடாரென்று இருக்கையில் மோதவிடும். கொஞ்சம் குதிரைத்திறன் கூடும். தையல் எந்திரம்போல டிக்டிக் சத்தமும் கூடும்; ஸ்பிரிங் சீக்கிரம் சோர்ந்துபோகும். பந்தயக்காரர் ஸ்பிரிங்கைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார். தினம் ஓட்டுகிறவர் ஆண்டுக்கணக்கில் மாற்ற மாட்டார். ஸ்பிரிங் ஒன்று முறிந்தால் வால்வு பிஸ்டன்மேல் விழுந்து எஞ்சினையே முடித்துவிடும். அதனால் தினசரி வண்டிக்கு அவர் பதமான சரிவையே அரைப்பாராம். டன்டோவை நினைத்துக்கொண்டேன், சொன்னேன். டன்டோவ் கேமின் பாக எண்ணைச் சுருக்கி ‘097’ என்று கூப்பிடும் வழக்கத்தை அவர் சொல்லிக் காட்டினார். தலைமுறைகள் தாண்டியும் அந்த எண் இவர்கள் நாவில் இருக்கிறது.

ஓவர்லாப் கூடினால் ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் வெற்றிடம் குறையும் என்பதையும் விளக்கினார். பிரேக்குக்குத் துணைபுரியும் பூஸ்டர் அந்த வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. நெரிசலில் அடுத்தடுத்து மிதித்தால் பெடல் கல்லாகலாம். எரியாத காற்று புகைக்குழாய்க்குள் நழுவும்போது ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து, பெட்ரோல் போதவில்லை என்று கணினிக்குச் சொல்லும். கணினி இன்னும் ஊற்றும். பின்னால் நிற்பவர் கண் எரியும். சாலை வண்டியின் புகைக் கட்டுப்பாட்டைக் குலைக்கும் மாற்றங்களை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கலிஃபோர்னியாவில், விலக்கு எண் பெற்ற பாகமாக இல்லாவிட்டால் சோதனையிலேயே நின்றுவிடும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைகளின் மூக்குக்கு நேரே நம் ஆசையைப் புகைய விடுவது சரியில்லை. கன்வெர்டர் அப்படியே இருக்கும் என்று நண்பர் முதலிலேயே சொன்னது எனக்கு நிறைவாக இருந்தது.

உரிமையாளர் எழுதிக் கொடுத்தது: 212/218, கோணம் 115, வால்வு உயரம் 0.550 அங்குலத்துக்கு உள்ளே. கணக்குப் போட்டேன். ஓவர்லாப் மைனஸ் 15. இசட்06 கேமைவிட ஒரு படி துணிச்சல், ஹாட் கேமைவிட வெகு அடக்கம். ஐடிலிங்கில் உற்றுக் கேட்பவருக்கு மட்டும் ஒரு சிறு அசைவு தெரியும். ஆறாவது கியரில் 1,500 நிற்கும். மேல் வேகத்தில், பழைய கேம் மூச்சுவாங்கத் தொடங்கும் இடத்தில், இது இன்னும் இழுக்கும். இதைவிடப் பெரிதாக எண்ணி வந்தவருக்கு ஏமாற்றம் இருக்குமோ என்று நண்பர் முகத்தைப் பார்த்தேன். “இதே போதும்ணே. தினமும் நான்தானே ஓட்டப்போறேன்” என்றார்.

கேம் விலையோடு வேலை முடியாது. பழைய வால்வு ஸ்பிரிங் இந்த உயரத்துக்குத் தாங்காது. பதினாறும் புதிதாக வேண்டும். டைமிங் செயின், கிராங்க் முன்பக்கக் கப்பியின் போல்ட் எல்லாம் புதிது. அந்த போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை, மறுபடி போடக் கூடாது. புஷ்ராடின் நீளத்தை அளந்த பிறகே வாங்கவேண்டும். எல்.எஸ்.1இன் பிஸ்டன் தலை தட்டையானது, வால்வுக்கென்று பள்ளம் கிடையாது. ஆகவே வால்வு பிஸ்டனைத் தொடாமல் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று சோதிப்பது நல்லது. இந்த அளவு கேமுக்கு இடம் தாராளமாக இருக்கும். ஆனாலும் பாருங்கள் என்றார். ஒரு வசதியும் இந்த எஞ்சினில் உண்டு. ராக்கரையும் புஷ்ராடையும் கழற்றிவிட்டுப் பழைய கேமைச் சில சுற்றுச் சுற்றினால் லிஃப்டர்கள் மேலே ஏறித் தங்கள் பிளாஸ்டிக் தட்டுகளில் பிடித்துக்கொண்டு நிற்கும். சிலிண்டர் ஹெட்டைத் திறக்காமலே கேமை முன்பக்கமாக உருவிவிடலாம். கடைசியில் கணினியின் டியூனிங். அதைச் செய்யாமல் ஓட்டினால் இதுவரை செய்த கணக்கெல்லாம் பாழ் என்று விரல் நீட்டிச் சொன்னார்.

நண்பர் முன்பணம் கட்டினார். கேம் அரைத்து நாஷ்வில்லுக்கே அனுப்புவார்கள். நவம்பர் கடைசியில் தேங்ஸ்கிவிங் விடுமுறை வருகிறது. அன்று காலை ரேடியேட்டரைக் கழற்றுவதாக முடிவு. திரும்பும் வழியில் மனைவியிடம் தொலைபேசியில் எண்களைச் சொன்னார். குழந்தை விழிக்குமா விழிக்காதா, அதை மட்டும் சொல் என்றார் அவர்.